ஒரு நடை வந்திருக்கலாம்

பழங்காநத்தத்தில் ஒரு மாடி அறையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவள் நான். கீழே செல்போன் கடை, பக்கத்தில் பரோட்டாக் கடை. சாயங்கால வகுப்பு தொடங்கும் நேரம் பார்த்து அங்கே கொத்துப் பரோட்டா போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி என் குரலே மாறிப்போய்விட்டது. வீட்டில் சாதாரணமாகப் பேசினால்கூட, "இப்ப எதுக்குச் சண்டைக்கு வர்ற?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

வகுப்புக்கு வருகிறவர்கள் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகள், நர்சுக்குப் படித்தவர்கள், இப்படி. அவர்களுக்கு முதலில் தினப்படி புழங்குகிற சொற்களைச் சொல்லிக் கொடுப்பேன். கம், கோ, ஈட், ஸ்லீப். எல்லாவற்றையும் ஆற அமரச் சொல்லிக் கொடுக்கிறவள், 'வாக்' என்ற சொல் வந்தால் மட்டும் இப்போதெல்லாம் சீக்கிரம் முடித்துவிடப் பார்க்கிறேன். எங்கே முடிகிறது? நடப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைப்போம். பின்னால் 'இன்' சேர்த்தால் உள்ளே நுழைவது, 'அவுட்' சேர்த்தால் கோபித்துக்கொண்டு வெளியேறுவது. டாக்டர் சொன்னால் அது வைத்தியம். ஒரு சொல்லை எடுத்தால் ஒரு மணி நேரம் போய்விடும்.

போன வாரம் ஒரு பிள்ளை கேட்டாள். "மிஸ், பைபாஸ் ரோட்டுல போர்டு வச்சிருக்காங்க, வாக்-இன் இண்டர்வியூன்னு. அப்படின்னா என்ன மிஸ்?"

"யாரும் கூப்பிட வேண்டியதில்ல. லெட்டர் வேண்டாம், போன் வேண்டாம். நீயா நேரா உள்ள போய் உக்காந்துக்கலாம்."

"கூப்பிடாமயா? கூப்பிடாத வீட்டுக்கு எப்படி மிஸ் போறது?"

வகுப்பே சிரித்தது. எனக்கு அக்கா ஞாபகம் வந்துவிட்டது. போர்டை அழிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நாங்கள் மூன்று பேர். அக்கா மூத்தவள், நடுவில் அண்ணன், கடைசியாக நான். அக்காவை உசிலம்பட்டிப் பக்கம் எழுமலையில் கட்டிக் கொடுத்திருந்தது. மச்சானுக்குக் கொஞ்சம் தோட்டம், இரண்டு மாடு. அக்கா காலையில் தோட்டத்துக்குப் போனால் வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவாள். அண்ணன் மதுரைக்கு வந்து பாடுபட்டு, பழங்காநத்தத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி சொந்தமாக வீடு கட்டினான். அதற்குள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பா அம்மா இல்லாத பொம்பளைக்குப் பிறந்த வீடு எது? கூடப்பிறந்தவன் வீடுதான். அந்த வீட்டு அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிய நாளிலிருந்து அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், "எங்க வீடு எந்திரிக்குது" என்று.

வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். அதில்தான் வந்தது வினை.

எங்கள் பக்கத்தில் ஒரு விசேஷத்துக்குக் கூப்பிடுவது என்றால் புருஷனும் பொண்டாட்டியுமாக அந்த வீட்டுக்கு நடந்து போக வேண்டும். வாசப்படி ஏறி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து, "கட்டாயம் வந்துரணும்" என்று கையில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் அது தகவல். தகவலுக்கு யாரும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள்.

அண்ணனும் மதினியும் எழுமலைக்குக் கார் பிடித்துப் போனார்கள். மதினியின் சித்தப்பா வீடு அங்கேதான், அக்கா வீட்டுக்கு அடுத்த தெரு. அவருக்குத் தட்டு வைத்துப் பத்திரிகை கொடுத்தார்கள். இருட்டப் போகிறது, இன்னும் உசிலம்பட்டியில் இரண்டு வீடு பாக்கி. அண்ணன் அக்கா வீட்டுக்குப் போகாமலே வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டான். வழியிலேயே மச்சான் செல்லுக்குப் பத்திரிகையைப் போட்டோ பிடித்து அனுப்பினான். பிறகு போன் போட்டு, "அக்கா, முந்துன நாளே வந்துரு, நீ வந்துதான் எல்லாம்" என்றான்.

அவனைக் கேட்டால், "கூடப்பிறந்த அக்காவுக்கு என்ன பத்திரிகை? அவ வீட்டு விசேஷத்துக்கு அவளையே கூப்பிடுவாங்களா?" என்பான். மனசாரத்தான் சொன்னான், அதில் கள்ளம் இல்லை. அந்நியருக்குத்தான் முறை, சொந்தத்துக்கு எதற்கு என்பது அவன் கணக்கு. அந்நியர் வாசலுக்கெல்லாம் நடக்கத் தெரிந்தவனுக்கு என் வாசல் கண்ணுக்குத் தெரியவில்லையா என்பது அக்கா கணக்கு. பக்கத்து வீட்டுக்காரி வேறு சும்மா இருக்காமல், "என்னக்கா, ஒந்தம்பி காரு அடுத்த தெருவுல நின்னுச்சே, ஒங்க வீட்டுக்கு வரலியா?" என்று கேட்டுத் தொலைத்திருக்கிறாள்.

அக்கா எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். "அடுத்த தெரு வரைக்கும் வந்தவன் ஒரு நடை வந்திருக்கலாம்டி. அவன் என் வாசலுக்கு நடந்து வரணும். வந்து கூப்பிடுற வரைக்கும் என் காலு அவன் வாசப்படிய மிதிக்காது. சொல்லிரு."

புது வீட்டுக்குள் முதலில் குத்துவிளக்கு ஏந்திப் போக வேண்டியவள் மூத்த அக்கா. அவள் வரவில்லை. நான் ஏந்திக்கொண்டு போனேன். எண்ணெய் தளும்பி என் பட்டுச்சேலையில் கொட்டியது. வந்த சனம் ஆளாளுக்கு "மூத்தவ எங்க?" என்று கேட்டது. "காய்ச்சல்" என்று அண்ணன் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் இறங்கிப் போயிருக்கலாம். போனானா? "நானா வரவேண்டாங்குறேன்? கதவு தெறந்துதான் கெடக்கு. அவ வீடு, அவ வரட்டும்." அக்காவிடம் கேட்டால், "தெறந்த கதவுல நாயும்தான் நுழையும். கூப்பிடச் சொல்லு." இப்படியே வருஷங்கள் ஓடின. இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்ப் போய் எனக்கு அலுத்துவிட்டது. இதுகள் இரண்டையும் ஒரே தூணில் கட்டி வைத்து வெளுக்க வேண்டும் என்று ஆத்திரம் ஆத்திரமாக வரும். சத்தம் போடவும் செய்தேன். யார் கேட்டார்கள்?

இதற்கு நடுவில் அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. உசிலம்பட்டி டாக்டர், "டெய்லி வாக்கிங் போங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! "நாள் பூராம் வரப்புல நடக்குறேனே, அது நடையில்லையாம்டி. சோலி இல்லாம நடந்தாத்தான் நடையாம்."

ஊரில் சோலி இல்லாமல் எப்படி நடப்பது? வீட்டை விட்டு இறங்கினால் எதிரே வருகிறவரெல்லாம் "எங்கக்கா கெளம்பிட்டீக?" என்று கேட்பார்கள். சும்மா நடக்கிறேன் என்றால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைப்பார்கள். அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை ஒன்றை மடிக்காமல் கையில் பிடித்துக்கொள்வாள். கேட்டால், "கடைக்கு." பையில் ஒன்றும் இருக்காது. வெறும் பையோடு போய் வெறும் பையோடு திரும்புவாள்.

ஒரு தடவை நான் போயிருந்தபோது அவளோடு நடந்தேன். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஒரு கடை ஓரமாக நின்றாள். மதுரை பஸ் வந்தது. இறங்குகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். கடைசி ஆள் இறங்கி, கண்டக்டரும் டீ குடிக்கப் போன பிறகு, "சரி, வா போவோம்" என்றாள்.

"தினமும் இங்கதான் வர்றியா?"

"சும்மா, பஸ்ஸ வேடிக்க பாக்கடி. நடக்குறதுக்கு ஒரு எடம் வேணுமுல்ல."

எனக்கு வந்த கோபத்தில், "அவன் கார்ல வருவான், பஸ்ல எதுக்கு வரப் போறான்?" என்று கேட்டேன். அக்கா பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது வழக்கம்போல என்னை பஸ் ஏற்றிவிட அதே இடத்துக்குக் கூடவே நடந்து வந்தாள். ஒருவரோடு கூட நடந்து போய் விட்டு வருவதற்கும் இங்கிலீஷில் இந்த 'வாக்' தான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், பஸ் கிளம்பிய பிறகும் வெறும் பையோடு ரோட்டோரம் நிற்கிற அக்காதான் எனக்குத் தெரிவாள்.

பிறகு ஒரு கருவேல முள். தோட்டத்தில் ஏறியிருக்கிறது. சர்க்கரைக் காலுக்கு வலி தெரியாது. தெரிந்தபோது விரல் கறுத்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். எம்புட்டோ பார்த்தார்கள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் வராந்தாவில் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காலை எடுத்த அன்றே அண்ணன் ஓடி வந்தான். இத்தனை வருஷமும் வெட்டியாகப் போய்விட்டதே என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். வார்டு வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், "அக்கா, டிஸ்சார்ஜ் ஆனதும் நம்ம வீட்டுக்கு வந்துரு. கட்டுப் போட இங்கனதானே வரணும்" என்றான்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் தடவினாள். எல்லாம் செய்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கூப்பிட்டா அது கூப்பிட்டதாகாது தம்பி" என்றாள்.

எனக்கு வந்ததே ஆங்காரம். அவன் வெளியே போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "காலே போயிருச்சு, இன்னும் ஒனக்கு வீம்பு போகலியா?"

"அதத்தாண்டி சொல்றேன். வாசப்படிய மிதிக்கணும்னாலும் எனக்கு இப்பப் பாதிக் காலு இல்ல. அவனுக்கு ரெண்டும் நல்லாத்தான இருக்கு? அவன் நடக்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்டி, என்னையக் கூப்பிட ஆளு வரலேன்னு. அவன் வந்து எங்க தெருவுல நடக்கணும். நாலு பேரு பாக்கணும். பொறந்த வீடு இருக்குன்னு நான் வேற எப்படிச் சொல்லுவேன்?"

இதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். இந்தத் தடவை அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி, போறேன். ஒங்க மதினியையும் கூட்டிட்டு, தட்டோட, தெரு முக்குலயே எறங்கி நடந்து போயி கூப்பிட்டு வாரேன். போதுமா?" கேட்டு எனக்கு உயிர் வந்தது. ஆனால் மதினி காலண்டரைப் பார்த்தாள். ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை, அதற்குள் அக்கா வீடு திரும்ப மாட்டாள். ஆடியில் போய் யாராவது தட்டு வைப்பார்களா? "இத்தன வருசம் கழிச்சுக் கூப்பிடப் போறோம், நல்ல மாசத்துல கூப்பிடுவோம். ஆவணி பொறக்கட்டும்" என்றாள். தப்பாகச் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னபோது அவளும் உடனே தலையாட்டினாள். "ஆமாண்டி, ஆடியில வேண்டாம். மொறையாச் செய்யட்டும். ஆவணியில வரட்டும்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யாருக்குமே வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன நர்ஸ் தினமும் வந்து, "பேஷண்ட் வாக் பண்றாங்களா?" என்று கேட்பாள். ஒரு வாக்கரையும் கொண்டுவந்து வைத்தாள், நாலு கால் வைத்த கம்பிச் சட்டம். அக்கா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கெடந்துட்டுப் போறேன், விடுங்க" என்பாள். ஆனால் ஆவணியில் அண்ணன் வருகிறான் என்று தெரிந்த மறுநாள் அவளாகவே கேட்டாள், "அந்தச் சட்டத்த எடு."

எழுமலைக்குப் போன பிறகும் விடவில்லை. ஒரு காலை ஊன்றி, சட்டத்தை நகர்த்தி, ஒரு எட்டு வைப்பாள். மூச்சு வாங்கும். கட்டிலிலிருந்து வாசலுக்கு நாம் நினைப்பதற்குள் போய்விடுவோம். அவளுக்கு அது பெரிய பயணம். வழியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, வேர்வையைத் துடைத்துவிட்டு, மறுபடி கிளம்புவாள். நான் போயிருந்த அன்றைக்குப் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். "எதுக்குக்கா இம்புட்டுக் கஷ்டப்படுற? அவன் வந்தா நீ கட்டில்ல இருந்தே பேசேன். ஒன்னையத் தப்பாவா நினைப்பான்?" என்றேன்.

"வாசலுக்கு வந்தவன வாசல்ல நின்னு வான்னு சொல்லணும். படுத்துக்கிட்டே சொன்னா அது என்ன மரியாத? அவன் முறையா வர்றான். நானும் முறையா நிக்கணுமுல்ல."

"இனி ஒனக்கு நாலு காலு. ஓடியே போயிருவ போ."

"ஆமா, ஒண்ணப் பிடுங்கிட்டு ஆண்டவன் நாலாக் குடுத்திருக்கான். நல்ல யாவாரம்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் கடைசி.

ஆடி முடியப் போகிற வாரம், ஒரு சாயங்காலம் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். "நெலப்படி வரைக்கும் போயிட்டேன்டி. ஒங்க மச்சான் கையப் பிடிக்கல. நானாப் போயி நெலையப் பிடிச்சிட்டு நின்னேன். தெருவே பாத்துச்சு." "சரிதான், ஆவணி ஒண்ணாந்தேதியே அவன இழுத்துட்டு வாரேன்" என்றேன். "அவசரப்படுத்தாத. நல்ல நாளாப் பாத்து வரட்டும்" என்றாள்.

மறுநாள் காலையில் மச்சான்தான் போன் செய்தார். "அக்கா எந்திரிக்கலம்மா" என்றார்.  நெஞ்சு தூக்கத்திலேயே நின்றுவிட்டிருக்கிறது.

நான் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். அக்கா எப்போதும் நிற்கிற கடை ஓரத்தில்தான் பஸ் நின்றது.  வீட்டில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். வாக்கர் மட்டும் வாசல் ஓரத்தில் நின்றது. அதை எடுத்து வைக்க யாருக்கும் கை வரவில்லை போல.

புருஷன் இருக்கும்போதே போகிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். கூடப்பிறந்தவன் புதுச் சேலை எடுத்து, தட்டில் வைத்து, கொட்டு முழக்கத்தோடு தெரு முனையிலிருந்து நடந்து வந்து அவள் மேல் போர்த்த வேண்டும். அது வராமல் தூக்க மாட்டார்கள். எல்லோரும் காத்திருந்தோம். அதற்கு ஆடி, ஆவணி எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

மத்தியானம் தெரு முனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அண்ணன் காரை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தான். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மாட்டுத்தாவணியில் வாங்கிய மல்லிகைப் பூ, அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு. பக்கத்தில் மதினி. செருப்புக்கூடப் போடவில்லை அவன். தெருவின் இரண்டு பக்கமும் சனம் நின்று பார்த்தது. அக்கா கேட்ட மாதிரியே இருந்தது எல்லாம். தெரு முக்கிலிருந்து நடை, புருஷன் பொண்டாட்டியாக வருவது, தட்டு, நாலு பேர் பார்ப்பது, ஒன்றும் குறையவில்லை.  பாவி, இந்த நடையை ஒரு வாரம் முன்னால் நடந்திருந்தால் என்ன?

வாசப்படிக்கு வந்தவன் நின்றுவிட்டான். கொட்டு நின்றது. பின்னால் வந்தவர்கள், "உள்ள போப்பா" என்று முதுகில் கை வைத்தார்கள். அவன் நகரவில்லை. ஓரத்தில் நின்ற வாக்கரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் எதற்கு நிற்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் வராதவன் வந்திருக்கிறான், அந்த வீட்டு ஆள் ஒருத்தர் கூப்பிடாமல் எப்படி ஏறுவான்?

ஆனால் எழவு வீட்டில் யாரையும் வா என்று சொல்லக் கூடாது. வருகிறவர்கள் தாமாக வர வேண்டும், சொல்லாமல் போக வேண்டும். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

"வாண்ணே" என்றேன். கொத்துப் பரோட்டாவுக்கு மேலே கத்திப் பழகிய குரல், தெருவுக்கே கேட்டிருக்கும். உள்ளே ஒப்பாரி நின்றுவிட்டது. ஒரு கிழவி, "அடி கூறுகெட்டவளே, எழவு வீட்டுல வான்னா சொல்லுவாக?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியேறி உள்ளே போனான்.

திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அக்கா ஆடி மாசம் பூராவும் கட்டிலிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து பழகினாள்.